வெளியே வராத பெட்டி

என் வீட்டுக்காரருக்குக் கடையில் மில்லிமீட்டர் என்று பெயர். பிளைவுட் கடையில் பலகை அறுக்கிற வேலை. யார் வீட்டுச் சமையலறைக்கோ, யார் வீட்டு அலமாரிக்கோ நாள் முழுக்க அளந்து அறுத்துக் கொடுப்பார். இவர் அறுத்த பலகையை வாங்கிப் போன தச்சர் யாரும் அளவு சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. வேலையில் இத்தனை கறாரான மனிதர், கடையை விட்டு வெளியே வந்துவிட்டால் வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத பிள்ளைப்பூச்சி. இந்த இரண்டு பேரோடும்தான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

மிச்சம் விழுகிற துண்டுப் பலகைகளை எடுத்துப் போக முதலாளி விடுவார். கல்யாணமான புதிதில் அவற்றைச் சேர்த்து ஒட்டி ஒரு கட்டில் செய்தார். இவருடைய தங்கை வந்தாள், உட்கார்ந்து பார்த்தாள், நன்றாயிருக்கிறதே என்றாள். கட்டில் அவள் வீட்டுக்குப் போனது. அடுத்து எனக்கென்று ஒரு துணி அலமாரி. அது இவருடைய அண்ணன் வீட்டுக்குப் போனது. செருப்பு ஸ்டாண்டுகூட மிஞ்சவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம்தான்: "உனக்கென்ன, இன்னொண்ணு செஞ்சுக்குவ." இவரும் தலையை ஆட்டிவிட்டு, தானே தூக்கிப் போய் வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக் கொடுப்பார். எனக்கு வயிறு எரியும். சொன்னால் கிணற்றில் போட்ட கல்தான்.

அண்ணன் புதுக் கார் வாங்கியபோது பழையதை இவருக்குக் கொடுத்தார். கொடுத்தார் என்றால், சாவியைக் கொடுத்தார். இனிமேல் இது உன்னுடையது என்று என் காது கேட்கத்தான் சொன்னார். பெயர் மாற்றி எழுதி வாங்குங்கள் என்று நான் தேய்ந்த ரெக்கார்டாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கூடப் பிறந்தவரிடம் போய் எழுதிக் கொடு என்று கேட்பதா என்றார். கேட்டால் வாய் ஒன்றும் வெந்துவிடாது என்றேன். அவர் கேட்கவில்லை.

அந்தக் காரில்தான் இவருக்கு ஓர் ஆசை பிறந்தது. பாட்டு என்றால் இவருக்கு உயிர். கடையில் ரம்பச் சத்தம், வீட்டில் என் தையல் மெஷின் சத்தம். இரண்டுக்கும் நடுவே வண்டியில் வருகிற நேரத்தில் கேட்பதுதான் பாட்டு. அந்தக் காரின் ஸ்பீக்கரோ, தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து யாரோ பாடுகிற மாதிரி இருக்கும். தாளமே கேட்காது. தாளத்துக்கென்றே இருக்கிற பெரிய ஸ்பீக்கர், சப்வூஃபர், ஒன்று வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். கடையில் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். பிறகு பழைய வண்டி உடைக்கிற இடத்துக்குப் போய், விளிம்பு ரப்பர் கிழிந்த பெரிய ஸ்பீக்கர் ஒன்றைப் பொறுக்கி வந்தார். கிழிசலுக்கு மெல்லிய துணியும் பசையும் வைத்து ஒட்டினார். ஆம்ப்ளிஃபயரும் அங்கேயே, நொறுங்கிக் கிடந்த வேறொரு வண்டியில் கழற்றியது. பெட்டியைத் தன் கையாலேயே செய்வது என்று முடிவு செய்தார்.

ஸ்பீக்கரைவிட அதன் பின்னால் அடைபட்டிருக்கிற காற்றுதான் முக்கியமாம். பெட்டி சின்னதானால் சத்தம் முரடாகும், பெரிதானால் தொளதொளத்துப் போகும், ஊசி நுழைகிற ஓட்டை இருந்தாலும் காரியம் கெட்டுவிடும் என்று எனக்குப் பாடமே நடத்தினார். டிக்கியின் வளைவையும், சக்கரத்துக்கு மேலே வருகிற மேட்டையும் அட்டையில் வெட்டி வெட்டி வைத்துப் பார்த்தார். பெட்டிக்குள் அடைக்க என் தலையணையைப் பிரித்துப் பஞ்சை எடுத்தார். என்னைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார், நான் முடியாது என்று சொன்ன பிறகு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பலகைகளை ஒவ்வொன்றாக டிக்கிக்குள் கொண்டுபோய், உடம்பை மடக்கி உள்ளேயே உட்கார்ந்து பசை தடவித் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார். டீ கொண்டுபோன எனக்குப் பார்த்த உடனே உறைத்தது. டிக்கியின் வாய் குறுகல், உள்ளே எழும்புகிற பெட்டி அதைவிட அகலம். இப்படி ஒட்டிவிட்டால் நாளைக்கு எப்படி வெளியே எடுப்பீர்கள் என்று கேட்டேன். மில்லிமீட்டருக்கே அளவு பிசகிவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு வேறு.

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த திருகாணியை முழுக்க முறுக்கிவிட்டுச் சொன்னார்.

"வெளிய வரக் கூடாதுன்னுதான் இப்படி. யாரும் தூக்கிட்டுப் போக முடியாதுல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் கட்டில் போனதும் அலமாரி போனதும் இவருக்கும் உறுத்தியிருக்கிறது. இத்தனை நாளும் நான் ஒருத்திதான் கரித்துக் கொட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். கல்யாணமான புதிதில்கூட அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை. மறுநாளே தையல் சாமான் விற்கிற கடையிலிருந்து கறுப்பு வலைத்துணி கொண்டுவந்து ஸ்பீக்கர் முகத்துக்கு உறை தைத்துக் கொடுத்தேன்.

முதல் தடவை பாட்டுப் போட்டபோது ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, பெட்டியின் இணைப்பு ஓரமெல்லாம் மெதுவாக நகர்த்தினார். காற்றுக் கசிந்தால் சுடர் ஆடுமாம். ஓரிடத்திலும் ஆடவில்லை. பின்னால் நம்பர் பிளேட்தான் கடகடவென்று ஆடியது, அதற்குப் பின்னால் ஸ்பாஞ்சு வைத்து ஒட்டினார். அப்புறம் என்னை முன்சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். தாளம் காதில் விழுவதற்குள் நெஞ்சில் விழுந்தது. நான் அழுதுவிட்டேன். தலைவலியா என்று கேட்டார், அசடு.

அந்தச் சந்தோஷம் ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. அண்ணன் மகளுக்கு வேலை கிடைத்தது, ஆபீஸ் தூரம். வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிடு, பொண்ணு ஓட்டட்டும் என்று அண்ணன் போனில் சொன்னார். உன்னுடையது என்று சொன்ன அதே வாய்தான். இவர் சரி என்றார். பெட்டியை யாரும் வெளியே எடுக்க முடியாதபடி செய்தவருக்கு, வண்டியோடு சேர்த்துக் கேட்பார்கள் என்று தோன்றவே இல்லை. கொண்டுபோகும் முன் வண்டியைக் கழுவித் துடைத்தார், டேங்க் நிறையப் பெட்ரோலும் போட்டார். அன்றைக்கு நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. இவர் ஏன் என்று கேட்கவும் இல்லை.

கொஞ்ச நாளில் மறுபடி போன். டிக்கியில் ஒரு பை வைக்கக்கூட இடமில்லை, வந்து அந்தப் பெட்டியை எடுத்துப் போ. போகாதீர்கள், அவர்களே ஆளை வைத்து உடைத்துக்கொள்ளட்டும் என்றேன். தெரியாத ஆள் கை வைத்தால் வண்டித் தகடு கிழிந்துவிடும் என்று சொல்லிவிட்டு ரம்பத்தைப் பையில் போட்டார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினேன்.

அண்ணன் வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஸ்பீக்கரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு டிக்கிக்குள் தலையை விட்டார். இவர் ஒட்டிய இடம் எதுவும் விடவில்லை, பலகைதான் பிளந்தது. என் தலையணைப் பஞ்சும் மரத்தூளும் இவர் முகமெல்லாம் ஒட்டிக்கொண்டன. அண்ணன் மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நல்லாப் பாடுச்சு சித்தப்பா, எனக்கே மனசில்லை என்றாள். பாவம், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா இது, வெளியவே எடுக்க முடியாத மாதிரி செஞ்சு வச்சிருக்க? உன்னைப் போயி மில்லிமீட்டர்னு கூப்பிடுறாங்களே." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இவர் ரம்பத்தை நிறுத்தினார். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். திறந்தார்.

"ஆமாண்ணா. அளவு தப்பிப் போச்சு."

கட்டிலைக் கொடுத்தார், பொறுத்துக்கொண்டேன். அலமாரியையும் காரையும் கொடுத்தார், பல்லைக் கடித்துக்கொண்டேன். அளவு தப்பிவிட்டது என்று தன் வாயாலேயே அவர் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. இந்த உலகத்தில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு பெயர்தான். நான் சொல்லிவிட்டேன்.

"அளவெல்லாம் தப்பல மாமா. நீங்க எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சாரு. எல்லாம் போச்சு, இது ஒண்ணாவது தங்கட்டும்னு செஞ்சாரு."

அண்ணனுக்கு முகம் சுண்டிப்போனது. மகள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். இவர் டிக்கியை விட்டு வெளியே வந்து, இவள் ஏதோ உளறுகிறாள், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அண்ணனிடம் கையைப் பிசைந்தார். திரும்பப் போய் மிச்சத்தை அறுத்தார். துண்டுகளை அள்ளி, வாசலைக் கூட்டி, மரத்தூளை வாரிக் கொட்டினார்.

ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"கொடுக்க மனசில்லாதவன்னு என்னை அவர் முன்னாடி நிக்க வச்சிட்டியேடி. இனிமே எந்த மூஞ்சியோட அந்த வாசல்ல போய் நிப்பேன்?"

இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். அந்தக் கோபம் முழுவதும் எனக்கே கிடைத்தது.