சோற்றில் விஷமில்லை

போன ஆடி அமாவாசை அன்று, நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மறைந்த மாமனாருக்கு நானே படைத்துவிட்டு, மதில்மேல் இலை போட்டு, காக்கைக்குச் சோறு வைத்துக் கூப்பிட்டேன். நாலைந்து உடனே வந்து கொத்தின. எனக்கு ஒரே சந்தோஷம். உள்ளே போய் அப்பளம் பொரித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மூன்று காக்கைகள் மதிலடியில் துடிக்கின்றன. என் கண்ணெதிரே அடங்கிவிட்டன.

மற்ற காக்கைகள் கத்திய கத்தலில் தெருவே திரண்டுவிட்டது. "அமாவாசையும் அதுவுமா என்னாத்தங்க சோத்துல கலந்தீங்க? பச்சப் புள்ளைங்க வெளையாடுற எடம்" என்றார் எதிர்வீட்டு அக்கா. பின்னாலிருந்து ஒருத்தி, "செத்த மாமனாருக்கே வெஷமா?" என்று முணுமுணுத்தாள்.

வந்ததே எனக்குக் கோபம்! படுக்கையில் கிடந்த அந்த மனிதருக்குக் கடைசிவரை கஞ்சி ஊட்டியவள் நான். இலையில் மிச்சமிருந்த சோற்றை, காக்கை கொத்தியது என்றுகூடப் பார்க்காமல், அத்தனை பேர் முன்னாலும் அள்ளித் தின்றேன். "நான் சாவுறேனான்னு பாத்துக்கினே இருங்க" என்றேன்.

அப்போதுதான் வேலியோரம் ஒரு செம்போத்தும் செத்துக் கிடப்பதைப் பார்த்தேன். செம்போத்து எங்கே சோறு தின்றது? அது பூச்சியும் ஓணானும் பிடித்துத் தின்கிற பறவை. அதன் பக்கத்தில் மருந்து தடவிய கோழிக்குடல் துண்டு. பக்கத்து வீட்டுக்காரர் நாட்டுக்கோழி வளர்ப்பவர், குஞ்சுகளைக் கீரி தூக்குகிறது என்று எந்நேரமும் புலம்புவார். அவர் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். அதுவரை மூச்சுவிடவில்லை, மனுஷன்!

"ஏண்ணா, இது உங்க வேலதானே?"

"கீரிக்குத்தாங்க வெச்சேன். காக்கா தின்னா நான் என்னா பண்றது?"

"கீரிக்கு மட்டும்னு எழுதி ஒட்டி வெச்சீங்களா? நாளைக்கு ஒரு புள்ள எடுத்து வாயில போட்டா?" பிடிபிடியென்று பிடித்தேன். கூட்டமும் என் பக்கம் சாய்ந்துவிட்டது.

அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. "எம்மேல ஏங்க எகிர்றீங்க? முந்தாநாளு நான் வெக்கும்போது, எங்க வூட்டுப் பின்னாலயும் கீரி சுத்துது, வேலியோரம் ரெண்டு போடுங்கண்ணான்னு நீங்கதானங்க சொன்னீங்க?"

சொன்னேன்தான். துணி காயப்போட்டுக்கொண்டே போகிற போக்கில் சொன்னது. அடுத்த நிமிடமே மறந்தும் போனேன். அத்தனை பேர் முன்னாலும் போய் மண்வெட்டியை எடுத்து வந்தேன். இருவரும் சேர்ந்துதான் மிச்சத் துண்டுகளைத் தேடிப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைத்தோம், அந்த நான்கு பறவைகளையும்தான்.

அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு அமாவாசையும் இலை போட்டுத் தொண்டை வலிக்கக் கூப்பிட்டும் ஒரு காக்கைகூட அந்த மதிலில் வந்து உட்காராதபோது, நான் திட்டுவது என்னைத்தான்.