வெட்டவா என்று கேட்கிறவள்

அந்தத் தெருவில் அவளை அணில் என்றுதான் கூப்பிடுவார்கள். மரம் ஏறி, வீடுகளின் மேல் சாய்ந்த கிளைகளைக் கழித்துக் கொடுப்பது அவள் தொழில். அதனால் வந்த பெயர் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. அவள் மரத்தைத் தொடுவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, ஒரு இடத்தில் உட்காரத் தெரியாதவள் என்று நாத்தனார் வைத்த பெயர் அது. பெயருக்கு ஏற்ற வேலை பிறகுதான் வந்தது. நல்ல விதமாகவும் வரவில்லை.

முதலில் மரம் ஏறியது அவள் புருஷன்தான். அவர் மேலே, அவள் கீழே. வீடுகளுக்கு நடுவில் நிற்கும் மரத்தில் கிளையை வெட்டிச் சும்மா விழவிட முடியாது. கீழே கூரை இருக்கும், துணிக்கொடி இருக்கும், யாரோ பார்த்துப் பார்த்து வளர்த்த பூந்தொட்டி இருக்கும். அதனால் வெட்டப்போகும் கிளையைக் கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றை மேலே வேறொரு கவட்டை வழியாகக் கொண்டுவந்து, கீழே அடிமரத்தில் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே இருப்பவர் அறுத்து முடித்ததும் கீழே இருப்பவர் கயிற்றை மெல்ல மெல்ல விடுவார். தூங்கும் குழந்தையைத் தோளிலிருந்து இறக்குவதுபோல் கிளை இறங்கும். கயிறு பிடிப்பதில் அவளுக்கு நல்ல கை.

வாய்தான் சரியில்லை. கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள், அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வாள். புருஷனுக்கோ அவள் பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம். பெண் பார்க்க வந்த அன்றே அப்படித்தான். பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை, வெட்கப்படுகிறாள் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே தேதி குறித்துவிட்டார்கள். அன்றைக்கு அவளுக்குப் பல்வலி, வாயைத் திறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வீடு மாற்றியது, பழைய வண்டியை விற்றது, அவர் தன் தங்கையை வீட்டோடு கூட்டிவந்தது எல்லாமே அவள் வாயைத் திறக்காமல் கொடுத்த சம்மதங்கள்தான். குடும்பம் என்னவோ நன்றாகவே ஓடியது. அதனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது என்று இருவருக்கும் உறைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் ஏதோ உப்புச்சப்பில்லாத சண்டை. என்ன சண்டை என்று இன்றைக்குக் கேட்டால் இருவருக்குமே ஞாபகம் இல்லை. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். அவர் மேலே போய், கிளையைக் கட்டி, "வெட்டவா?" என்று கேட்டார். அவள் கயிற்றின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் அடிமரத்தில் சுற்றவில்லை. இரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேசாமல் இருக்கிறாளே, சரிதான் என்று அவர் அறுத்தார். பிடி இல்லாத கிளை விழுந்த வேகத்தில் கயிற்றின் சிக்கல் கவட்டையில் மாட்ட, அது ஊஞ்சல்போல் திரும்பி வந்து அவர் முழங்காலை மரத்தோடு வைத்து நசுக்கியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "நீ ஒண்ணும் சொல்லல. சரின்னு நெனச்சிட்டேன்" என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். என்னைக் கேட்டால் இரண்டு பேரையும் நிற்கவைத்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். உர்ரென்று இருக்கிறவள் கயிறு பிடிக்க வரக்கூடாது, பதில் வராமல் அறுக்கிறவன் மரம் ஏறக்கூடாது. ஆனால் அவர்களை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை, அவர்களே போதுமான அளவு நொந்துபோயிருந்தார்கள்.

அந்தக் கால் மறுபடி மடங்கவில்லை. கூப்பிட்டவர்களுக்கெல்லாம் அவர் ஊரில் இல்லை என்று கொஞ்ச நாள் பொய் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் அவருடைய இடுப்புப் பட்டையை எடுத்து, தன் அளவுக்குப் புதிதாக ஓட்டை போட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த மரத்தில் ஏறினாள். அவர் ஜன்னலோரம் படுத்தபடியே காலை எங்கே வைப்பது, கயிற்றை எங்கே மாட்டுவது என்று தொண்டை கட்டக் கத்தினார். நாத்தனார் வாசலில் நின்று, இவள் விழுந்தால் நான் எத்தனை பேருக்குத்தான் சமைத்துப் போடுவது என்று புலம்பினாள். அணில் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உயரம் அவளுக்குப் பிடித்துப்போனது. இத்தனை வருஷம் அண்ணாந்தே பார்த்த இடத்தில், இடுப்புக் கயிற்றை நம்பி இரண்டு கையையும் விட்டு நின்றபோது, இது எனக்கு முன்னாலேயே கிடைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்காகக் கொஞ்சம் குற்ற உணர்வும் வந்தது.

இருவரும் ஆளுக்கு ஒரு சட்டம் போட்டார்கள். அவள் சட்டம்: வெட்டவா என்று மேலிருந்து கேட்க வேண்டும், வெட்டு என்று கீழிருந்து வாயால் பதில் வர வேண்டும். தலையாட்டல், கையசைப்பு, கனைப்பு எதுவும் செல்லாது. அவர் சட்டம்: வீட்டுக் கூரை உயரத்தைத் தாண்டி ஏறக்கூடாது. அவள் தன் சட்டத்தை வேலியோரத்துச் செடிக்குக்கூட விடவில்லை. சுண்டுவிரல் தடிமன் கொம்புக்கு அவள் "வெட்டவா?" என்பதும், அவர் குச்சியை ஊன்றி நின்று "வெட்டு" என்பதும் தெருவில் பெரிய வேடிக்கை. வீட்டில் வெங்காயம் நறுக்கும்போதும் இப்படித்தானா என்று கேலி செய்வார்கள். அவர் சட்டத்தையும் அவள் பல வருஷம் மீறவில்லை. ஆனால் கூரைக்குக் கீழே இருக்கும் வேலை முழுக்க வேலிச் செடியும் எலுமிச்சையும்தான். பெரிய மரம் வந்தால், ஆட்களோடு லாரியில் வந்து வெட்டிப் போகும் லாரிக்காரர்களிடம் போய்விடும். அவள் கீழே நின்று பார்த்துவிட்டு வருவாள். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இப்படி இருக்கும்போதுதான் தையல்கார அம்மா கூப்பிட்டாள். அவள் வீட்டுப் பின்னறைதான் தையல் கடை. ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மரம், அதன் தடித்த கிளை ஒன்று அந்த அறையின் தகரக் கூரைக்கு நேர் மேலே நீண்டிருந்தது. காற்றடித்தால் கிளை தகரத்தைச் சுரண்டும், அவள் மெஷினைத் தள்ளிக்கொண்டு முன்னறைக்கு ஓடுவாள். லாரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, மரத்தையே அடியோடு எடுத்துவிடலாம், நாளை மறுநாள் வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கு மனசில்லை. அந்த நிழல் போனால் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து தைக்க முடியாது. கிளையை மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்டாள். அணில் மரத்தைச் சுற்றி வந்தாள், அடியில் தட்டிப் பார்த்தாள், கண்ணைச் சுருக்கிக் கிளையின் வாட்டத்தைப் பார்த்தாள். முடியும் என்று சொல்லிவிட்டாள். புருஷனைக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் சண்டை வந்தது. இந்தத் தடவை பேச்சை நிறுத்தியது அவர். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனவர், அதற்குப் பிறகு எது கேட்டாலும் சுவரைப் பார்த்தார். சோறு வேண்டுமா என்பதைக்கூட நாத்தனார் வழியாகக் கேட்க வேண்டியிருந்தது. அவளும் இரண்டு பக்கமும் தூது போய், போகிற வழியில் தன் சரக்கையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள். ஆனால் காலையில் அணில் கயிற்றுப் பையைத் தூக்கியபோது அவர் குச்சியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். தன் மனைவியின் கயிற்றை வேறொருவர் கையில் கொடுக்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். கூரை விளிம்பு வந்தது, அதைத் தாண்டினாள். கீழே அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்புக் கயிற்றை நடுமரத்தில் மாட்டினாள், இழுத்துப் பார்த்தாள், வேறொரு பிடியும் போட்டாள். கிளையைக் கட்டி, கயிற்றை மேல் கவட்டை வழியாக இறக்கினாள். அவர் அதை வாங்கி அடிமரத்தில் சுற்றி, தள்ளி நின்று, இறுக்கிப் பிடித்தார். எல்லாம் முறையாகவே செய்தார். அவள் ரம்பத்தை உருவினாள்.

"வெட்டவா?"

பதில் வரவில்லை.

அவள் மறுபடி கேட்டாள். அவர் கயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் போட்ட சட்டத்தாலேயே அவளைக் கட்டிப்போட்டுவிட்டார். அவர் வாயைத் திறக்காத வரை அவள் வெட்ட முடியாது, வெட்டாமல் இறங்கினால் நாளைக்கு லாரி வரும், மரமும் போகும். பெரிய மரத்தில் ஏறிவிட்டு வெறுங்கையோடு இறங்கினவள் என்று பேரெடுத்தால் இனி யாரும் அவளை வேலிக்கு மேல் கூப்பிட மாட்டார்கள். மேலே உட்கார்ந்திருந்தவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ரம்பத்தை மறுபடி உறையில் செருகினாள். கிளையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். இறங்கவும் இல்லை.

வெயில் ஏறியது. தையல்கார அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்து மேலேயும் கீழேயும் பார்த்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அவர்தான் தள்ளி நிக்கிறாரே, கயிறும் கையில இருக்கு. நீ பாட்டுக்கு வெட்டேன்மா."

உண்மைதான். மேலிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கயிறு சுற்றியிருந்தது, அவர் விலகியிருந்தார், கிளைக்குக் கீழே ஒரு ஈ காக்கை இல்லை. அறுத்தால் ஒன்றும் ஆகாது என்று அணிலுக்கும் தெரியும். கை ரம்பத்தின் பிடி வரைக்கும் போனது.

"இல்லம்மா," என்றாள். "அவர் வாயால சொல்லணும்."

"சொல்ல மாட்டேங்கிறாரே."

"அப்ப நான் வெட்ட மாட்டேன்." கையைப் பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு நேராகப் புருஷனிடம் குரல் கொடுத்தாள். "ஏங்க, நீங்க பேசாம இருந்தா அதை நான் சரின்னும் எடுத்துக்க மாட்டேன், வேணாம்னும் எடுத்துக்க மாட்டேன். அப்படி எடுத்துக்கிட்டுத்தான் ஒரு கால் போச்சு. வேணாம்னா வேணாம்னு வாயைத் திறந்து சொல்லுங்க. இந்த நிமிஷமே இறங்கிடறேன், இனிமே பெரிய மரம்னு பேச்செடுக்க மாட்டேன். ஆனா சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்ற வார்த்தை ராத்திரி முழுக்க அவர் நாக்கில் தயாராக இருந்ததுதான். சொன்னால் அவள் இறங்கிவிடுவாள், சொன்ன சொல் தவறாதவள். ஆனால் அவர் கண் அவள் கையில் நின்றுவிட்டது. இவ்வளவு கோபத்திலும், வெட்டினால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், ஒரு வார்த்தைக்காக மடியில் கிடக்கிற கை. கால் போன அன்றைக்கு அந்த உயரத்தில் அவர் கை அப்படிக் கிடக்கவில்லை. அவளுக்காகப் பயந்த அவர் தன்னைத்தான் மரத்தில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அங்கே உட்கார்ந்திருப்பது வேறு ஆள்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றார். இத்தனை வருஷத்தில் அதை அவர் சொன்னதே இல்லை.

"எனக்குந்தான்."

"உன் கயிறு நடுமரத்துலதான மாட்டியிருக்கு? கிளையில இல்லியே?"

"நடுமரத்துல. ரெண்டு பிடி."

"அடியில முதல்ல கீறிடு. இல்லன்னா பட்டை உரிஞ்சு தொங்கும்."

"தெரியும்."

"தெரியும்னு தெரியும். சொல்லி வைக்கிறேன்."

அவள் ரம்பத்தை உருவினாள். கேட்டாள். அவர் கயிற்றை ஒருமுறை இறுக்கிப் பார்த்தார், காலை அகட்டி ஊன்றினார், தொண்டையைச் செருமினார். செருமல் செல்லாது என்பதால் அவள் காத்திருந்தாள்.

"வெட்டு," என்றார். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அவள் கிளையின் அடியில் முதலில் கீறினாள், பிறகு கொஞ்சம் தள்ளி மேலிருந்து அறுத்தாள். கிளை முனகியது, முறிந்தது, கயிற்றில் தொங்கியது. தகரத்தை உரசவில்லை. அவர் கயிற்றை விட விட அது ஆடாமல் இறங்கி மண்ணில் படுத்தது. தையல்கார அம்மா உள்ளே ஓடிப்போய், முன்னறையில் ஒதுக்கி வைத்திருந்த மெஷினைப் பழைய இடத்துக்கே உருட்டிக்கொண்டு வந்தாள். கீழே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரத்தூள் விழுந்துவிட்டது என்று யாரும் கேட்காமலே சொன்னார். மரத்தூள் விழுந்த பக்கத்தில் அவர் நிற்கவில்லை.

மேலே இன்னும் ஒரு முழம் கட்டை பாக்கி இருந்தது. கிளை மரத்தோடு சேரும் இடத்தில் உப்பியிருந்த வளையத்தைத் தொடாமல் அதை எடுத்துவிட்டால் புண் தானாக மூடிக்கொள்ளும். அணில் கட்டையைக் கட்டி, நகர்ந்து, காலை மாற்றி வைத்தாள்.

"வெட்டு," என்று கீழிருந்து குரல் வந்தது.

அவள் ரம்பத்தைத் தூக்கிப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"நான் இன்னும் கேக்கவே இல்லீங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் கேட்கும் வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தபடியே நின்றார்.