மேனுவல் படித்தீர்களா என்று கேட்டோம்

காதர் அண்ணனின் மறைவுச் செய்தி எங்களுக்கு ஒரு கேள்வியாக வந்தது. சிப்புகளுக்கு நேரடியாக அசெம்பிளி மொழியில் நிரல் எழுதுகிறவர்களின் இணையக் குழு எங்களுடையது. புதிய எண் ஒன்றிலிருந்து, “தண்ணி மோட்டார் பெட்டி கத்திக்கிட்டே இருக்கு, எப்படி நிப்பாட்டணும்?” என்று கேட்டிருந்தார்கள். சிப்பின் பெயரையும் மேனுவலில் பார்த்த பக்கத்தையும் சொல்லாமல் கேட்டால் எங்கள் குழுவில் ஏச்சுதான் விழும். முதல் ஏச்சு என்னுடையது. “மேனுவல் படிச்சீங்களா, இல்ல நாங்க வந்து படிச்சுக் காட்டணுமா?” பலர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

பதில் வந்தது: “அதச் செஞ்சவுக காலையில மௌத்தாயிட்டாக. நான் காதர் வீட்டுக்காரி.”

அண்ணன் கடையநல்லூர்க்காரர். வளைகுடாவில் லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். நான் சங்கரன்கோவில். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால் ஒலிக்கும் கருவி செய்யப்போய்த்தான் குழுவில் சேர்ந்தேன். கருவி காரணமில்லாமல் அலறியது. கேட்டேன், ஏசினார்கள். அண்ணன் மட்டும் நிரலை வரிவரியாகப் பார்த்து, சிப்பு வெப்பத்தை அளந்து முடிக்குமுன்பே நான் அந்த எண்ணைப் படித்துவிடுவதைக் காட்டினார். “பிள்ள நல்லாத்தான் தூங்குது. அந்தக் கருவிய ஒனக்கு மாட்டு தாயி” என்றார். ஏசியவர்களிடம், “சரியாக் கேக்கத் தெரிஞ்சா அவ ஏன் நம்மகிட்ட வாரா?” என்றார்.

கொஞ்சம் கற்றதும் நானும் ஏச ஆரம்பித்தேன். எந்நேரமும் பிள்ளையை நினைத்துப் பதறுகிற எனக்கு, ஓரிடத்திலாவது மிரட்ட முடிந்தது இதமாக இருந்தது. அண்ணன் தனியாக எழுதிக் கேட்டார்: “என்ன தாயி, ஒனக்கும் மீசை மொளச்சிட்டா?” சிரித்தேன்; ஏசுவதை விடவில்லை.

கணவனை இழந்து வீட்டுக்குள் இத்தா இருப்பவரை வெளி ஆண்கள் போய்ப் பார்க்க முடியாது. குழுவில் பக்கத்து ஊர்ப் பெண் நான் ஒருத்திதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அன்றே பஸ் ஏறினேன். யாரென்று கேட்டால் வேறு பெயர் சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசனை.

அண்ணனின் மனைவி கேட்டது வேறு. “ஏசுனது நீங்களா?”

ஆமாம் என்றேன்.

“அவுக சொல்லுவாக, எங்க ஆளுக மொதல்ல ஏசுவாக, பெறவு வந்து செஞ்சு தருவாகன்னு.”

குரலில் கோபமே இல்லை. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தொட்டியில் தண்ணீர் தீர்ந்ததால் பெட்டி கத்திக்கொண்டிருந்தது. அதன் நிரலை அண்ணன் குழுவில் போட்டு விளக்கியிருக்கிறார். பொத்தானைச் சற்றுநேரம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்; இரங்கல் எழுதிய எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. அழுத்திப் பிடித்தேன். சத்தம் நின்றது. உள்ளறையில் பெண்கள் அழுவது அப்போதுதான் கேட்டது.

காதர் அண்ணே, உங்களுக்காக அழ வேண்டியவர்களை அந்தச் சத்தத்துக்குள் அவ்வளவு நேரம் விட்டுவைத்தேன். நிம்மதியாகப் போங்கள்.