ஒதுக்கி வைத்த முட்டை

சமர்கந்து யூதர் தெருவில் பஹ்மாலின் நாக்குக்குத் தப்பிய சமையல் கிடையாது. நெசவாலை கேன்டீனில் இருபத்திரண்டு வருஷம் கரண்டி பிடித்தவள். கல்யாண வீட்டில் ஒரு வாய் தின்றுவிட்டு, "மாப்பிள்ளை வீட்ல யாருக்குமே பல்லு இல்லையா?" என்று கேட்பாள். எதிர்வீட்டு மஸோல் செய்யும் பக்ஷை அவள் சோறு என்றே ஒப்புக்கொண்டதில்லை. அரிசியும் கறியும் ஈரலும் கொத்தமல்லித் தழையில் புதைந்து பச்சைப்பசேலென்று வரவேண்டிய பண்டம். மஸோல் கையில் காமாலை கண்டதுபோல் வரும்.

அந்த வருஷம் பந்தல் பண்டிகை வியாழனும் வெள்ளியும் வந்தது. சனிக்கிழமை தம்பியின் சம்பந்திகள் புகாராவிலிருந்து விருந்துக்கு வருகிறார்கள். புகாராக்காரர்களுக்கு அரிசியே தெரியாது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் அதை நிரூபிக்க வேண்டாமா?

சனிக்கிழமை ஓய்வுநாள், அடுப்பைத் தொடக்கூடாது. வெள்ளியன்றே சமைத்தாக வேண்டும். பண்டிகை நாளில் மறுநாளுக்குச் சமைப்பதானால், புதனன்றே ஒரு ரொட்டியும் அவித்த முட்டையும் ஒதுக்கி வைத்து, சமையல் முடியும்வரை தொடாதிருக்க வேண்டும். பஹ்மால் வைத்திருந்தாள். வெள்ளி காலை தட்டில் ரொட்டியும் முட்டை ஓடும் இருந்தன.

செருப்புத் தைக்கும் கணவன் ஹிஸ்கியோ மீசையைத் துடைத்தான். "பசிச்சுது."

"பதினஞ்சு நாள்ல ரெண்டாவது முட்டை. கழுதைகூட ஒரு தடவை அடிபட்டா அந்தப் பக்கம் போகாது."

ரபியிடம் ஓடினாள். மறந்தவர்களுக்காக அவர் ஊர் பேரில் ஒரு முட்டை ஒதுக்குவது வழக்கம்.

"ரெண்டு வாரம் முந்தி புத்தாண்டுக்கும் உங்க வீட்டு முட்டைதானே காணாமப் போச்சு?" என்றார் அவர். "என் முட்டை ஒரு தடவை மறந்தவங்களுக்கும்மா, பழகிப்போனவங்களுக்கு இல்ல. அரிசியையும் கறியையும் முட்டை ஒதுக்கி வச்சிருக்கிற யாருக்காவது குடுத்திடு. அவங்க சமைச்சுத் தருவாங்க. நீ கரண்டியத் தொடக்கூடாது."

தெருவில் அந்நேரம் முட்டையும் இருந்து அடுப்பும் ஒழிந்திருந்தது மஸோல் ஒருத்திக்குத்தான்.

"கொத்தமல்லி ஆறு கட்டு," என்று வாசற்படியில் நின்று உத்தரவிட்டாள் பஹ்மால்.

"மூணு போதும்க்கா."

"மாட்டுக்குப் போடப்போறியா, மனுஷனுக்கா?"

"ஆறு போட்டாத்தான் மாட்டுக்கு."

சனிக்கிழமை பந்தலுக்குள் சம்பந்தியம்மா ஒரு கவளம் வாயில் வைத்து, கண்ணை மூடித் திறந்தாள். "பஹ்மால் சோறு புல்லுக்கட்டு மாதிரி இருக்கும்னு எங்க ஊர்ல சொன்னாங்க. வாய் கூசாமப் பொய் சொல்லியிருக்காங்க."

தன் சோறு புகாராவரை புல்லுக்கட்டு என்று பேர் வாங்கியிருப்பது பஹ்மாலுக்கு அப்போதுதான் தெரிந்தது. எதிரே, விருந்துக்கு வந்திருந்த மஸோல் தலையைக் குனிந்துகொண்டு எலும்பைச் சுத்தம் செய்தாள். தான் சமைத்ததென்று காட்டிக்கொள்ளப்போவதில்லை. பாவம் பார்க்கிறாள். அந்தக் கேவலத்துக்கு உண்மையைச் சொல்லிவிடுவதே பரவாயில்லை என்று பட்டது பஹ்மாலுக்கு.

"நான் செய்யல. இவதான் செஞ்சா," என்றாள். "தழையில கஞ்சத்தனம் பண்ணிட்டா."

சம்பந்தியம்மா தட்டை மஸோல் பக்கம் நீட்டினாள். "இன்னொரு கரண்டி போடும்மா."