பன்னிரண்டு சிலிண்டரும் ஒரு கையெழுத்தும்

கள்ளக்குறிச்சி பல் டாக்டர் தங்கமணியின் சிவப்புக் கார் வெள்ளிமலை ஏறும்போது மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. கரும்பு டிராக்டர் ஒன்று கயிறு கட்டி அதைக் கச்சிராயபாளையம் வரை இழுத்து வந்தது. 1995 தை மாதம் முழுக்க ஊருக்கு அதுதான் பேச்சு. முழங்கால் உயரக் கார், ரெண்டே சீட்டு, பார்க்கப் புலி மாதிரி இருக்கும், மலையைப் பார்த்தால் பூனை என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

பழுது பார்க்க வந்தவர் இருசப்பன். நாற்பது வயது. சங்கராபுரம் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னப் பட்டறையில் பம்ப்செட்டுகளைச் சரிசெய்து கொண்டிருந்தார். அந்தக் காரின் இன்ஜின் முன்னால் இல்லை. சீட்டுகளுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால், வண்டியின் வயிற்றில் இருந்தது. மூடியைத் தூக்கியவர் முதலில் கியர்பாக்ஸைத்தான் தடவிப் பார்த்தார்.

"கியர்பாக்ஸு யானை மாதிரி கீதுங்க டாக்டரம்மா. இன்ஜின் ஆட்டுக்குட்டி. இது எப்படிங்க மலை ஏறும்?"

"எங்க அண்ணன் வேற இன்ஜின் வைக்கத்தான் நெனைச்சார்" என்றார் டாக்டர்.

அண்ணன் பொன்னுரங்கம் இங்கிலாந்தில் வேலை பார்த்தவர். திரும்பி வரும்போது இந்தக் காரைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கப்பலில் கொண்டு வந்தார். அடிச்சட்டம், ஃபைபர் உடம்பு, கியர்பாக்ஸ் எல்லாம் வந்தன. இன்ஜின் மட்டும் கிடையாது. தற்காலிகமாக ஒரு பழைய ஃபியட் இன்ஜினை மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய இன்னொரு பழைய இங்கிலீஷ் கார் புதுச்சேரி வீட்டு ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்தது.

"அதோட இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. பன்னெண்டு சிலிண்டர். மெட்ராஸ்ல மூணு பேர்கிட்ட காட்டிட்டேன். நீளம் பத்தாது, முடியவே முடியாதுன்னுட்டாங்க. பசங்க வண்டிய வித்துடும்மாங்கறாங்க. எனக்கு விக்க மனசில்ல."

"பன்னெண்டா?" என்றார் இருசப்பன். அவர் முகம் மாறியதை டாக்டர் பார்த்தார்.

இருசப்பன் பதினேழு வருஷம் ராணுவத்தில் டாங்க் இன்ஜின் பிரித்துக் கோத்தவர். ஒவ்வொரு டாங்கிலும் பன்னிரண்டு சிலிண்டர். ராஜஸ்தான் மணலில், கொதிக்கும் இரும்பின் மேல் படுத்துக்கொண்டு அதைத் திறந்து மூடிய கை அது. ஊருக்குத் திரும்பி வந்தபோது அந்தக் கைக்கு மதிப்பில்லை. லாரிகள் எல்லாம் வீரமுத்துவின் பெரிய பட்டறைக்குப் போயின. வீரமுத்துவின் அப்பாவுக்குச் சொந்தமான கரும்புக் கழனியில்தான் இருசப்பனின் அப்பா, பாவாடை என்பவர், கூலி வேலை செய்து செத்தார். அந்த வீட்டு ஆட்களுக்கு இருசப்பன் இன்னும் "டேய் இருசா"தான்.

"செய்யலாம்ங்க" என்றார் அவர். "இன்ஜின கொண்டாரச் சொல்லுங்க."

ஏழு மாதம் ஆனது. மெட்ராஸ்காரர்கள் சொன்னது பொய்யில்லை. இன்ஜின் நாலு அங்குலம் நீளம் கூடத்தான் இருந்தது. இருசப்பன் அதன் முன்னால் உட்கார்ந்து பீடி பிடித்தபடி இரண்டு நாள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் இன்ஜின் மூக்கிலிருந்த காற்றாடியையும் அதைத் தாங்கும் தண்டையும் கழற்றிக் கீழே வைத்தார். ரேடியேட்டர் வண்டியின் முன்பக்கம் இருக்கும்போது இங்கே காற்றாடி எதற்கு? மூன்று அங்குலம் மிச்சமானது. மீதி ஒரு அங்குலத்துக்கு, இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே பின்சுவரை வெட்டி ஒரு இரும்புப் பெட்டி பற்றவைத்தார். இன்ஜினின் மூக்கு அதற்குள் போய் உட்கார்ந்தது.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் தட்டைத் தாளில் வரைந்து சேலத்தில் கடைசல் பிடித்து வாங்கினார். முதல் தட்டில் மயிரிழை கோணல். கிளட்ச் உதறியது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி பஸ் ஏறினார்.

ஆவணி மாதம் ஒரு காலை, புதுத் தட்டை மாட்டி மறுபடி சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமவில்லை, கத்தவில்லை. மெல்ல ஒரு உறுமலோடு எழுந்து நிலைத்தது. டாக்டர் மூடியின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, அண்ணன் நினைப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வண்டியைப் பார்க்க வந்த போக்குவரத்து இன்ஸ்பெக்டர் சுற்றிச் சுற்றி வந்தார். இன்ஜின் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அதற்கான படிவத்தில் 'மாற்றியமைத்தவர்' என்று ஒரு இடம் இருந்தது.

"இதுல லைசென்ஸ் வாங்கின பட்டறை முத்திரை வேணுமே. இங்க யாருகிட்ட இருக்கு?"

வீரமுத்துவிடம் மட்டும்தான் இருந்தது. அன்று சாயங்காலமே அவர் புல்லட்டில் வந்து இறங்கினார்.

"டேய் இருசா, கேள்விப்பட்டேன். முத்திரைய நான் குத்தித் தர்றேன். எங்க பட்டறையில செஞ்சதா இருந்துட்டுப் போவுது."

இருசப்பன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"செஞ்சது நானு. எழுதறதும் எம் பேருதான்."

"இன்னாடா பேசற? உங்கப்பன் எங்க கழனியில—"

"எங்கப்பா கழனியில இருந்தாரு. நான் இங்க கீறேன். வண்டிய எடுங்க, வழிய மறிச்சிக்கினு நிக்குது."

வீட்டில் மனைவி செல்லியம்மாள் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "அவன் முத்திரைய குத்திக்கினா உனுக்கு இன்னாய்யா கொறஞ்சிபூடும்? வேலை முடிஞ்சிதா இல்லியா?"

"பதினேழு வருஷம் கையெழுத்துப் போட்டுத்தான் டாங்க வெளிய அனுப்புனேன். அது ரிப்பேரா நின்னா என்னைத்தான் கேப்பாங்க. இதுக்கும் என்னைத்தான் கேக்கணும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சரி. மலை ஏத்திக் காட்டு."

மறுநாள் ராணுவம் கொடுத்த தொழில் சான்றிதழை எடுத்துக்கொண்டு டாக்டரோடு போனார். இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "முத்திரை இல்லேன்னா நானே ஓட்டிப் பாத்துத்தான் எழுத முடியும். வெள்ளிமலை வரைக்கும் ஏறணும். எறங்கும்போது பிரேக் பிடிக்கணும். நின்னுச்சுன்னா இந்த இன்ஜின் கதை முடிஞ்சுது."

"நிக்காதுங்க சார்."

புதன்கிழமை காலை கோமுகி அணைப் பக்கமிருந்து கிளம்பினார்கள். இன்ஸ்பெக்டர் ஓட்டினார், இருசப்பன் பக்கத்தில். பின்னால் ஜீப்பில் டாக்டர். வேடிக்கை பார்க்க வீரமுத்துவும் புல்லட்டில் தொடர்ந்தார். முதல் நாலு வளைவுகளை வண்டி தின்றுவிட்டுப் போனது. மரவள்ளி மூட்டை ஏற்றிய லாரி ஒன்றைத் தாண்டும்போது இன்ஸ்பெக்டர் தன்னை அறியாமல் சிரித்தார். ஐந்தாவது வளைவில் சூடு காட்டும் முள் மேலே ஓடியது. சீட்டுகளுக்கு நடுவிலிருந்து ஆவி கிளம்பியது. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார்.

வீரமுத்து புல்லட்டை நிறுத்திக் காலை ஊன்றினார். "இன்னாடா, டிராக்டர அனுப்பட்டுமா?"

இருசப்பன் இறங்கிப் பின்மூடியைத் திறந்தார். பெல்ட்டைத் தொட்டார், அறுந்திருக்கவில்லை. தண்ணீர் பம்பில் ஒழுக்கு இல்லை. முன்பக்கம் போய்க் குனிந்து ரேடியேட்டருக்குப் போகும் குழாயைப் பிடித்தார். ஜில்லென்று இருந்தது.

பின்னால் இன்ஜின் கொதிக்கிறது, முன்னால் குழாய் ஜில்லென்று இருக்கிறது. அப்படியானால் தண்ணீர் வந்து சேரவே இல்லை. வழியில் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. பட்டறையின் சமதரையில் தண்ணீர் ஊற்றியதுதான் தப்பு. இப்போது வண்டியின் மூக்கு மலையைப் பார்த்துத் தூக்கி நிற்கிறது. அடைத்த காற்று தானாகவே மேலே, ரேடியேட்டர் தலைக்கு வந்திருக்கும்.

"அரை மணி நேரம் குடுங்க சார். ஆறட்டும்."

"பாத்தியா, நின்னுபோச்சு" என்றார் வீரமுத்து.

"நிக்கல. நிறுத்தி வெச்சிக்கீறோம்."

டாக்டர் அருகிலிருந்த மலையாளிப் பழங்குடி வீட்டுக்கு நடந்து போய், தானே இடுப்பில் குடம் தூக்கிக்கொண்டு வந்தார். சேலைத் தலைப்பெல்லாம் ஈரம். இன்ஜின் ஆறியதும் இருசப்பன் ரேடியேட்டர் உச்சியிலிருந்த சின்னத் திருகைத் தளர்த்தினார். காற்று உஸ்ஸென்று நெடுநேரம் வந்தது. பிறகு துப்பியது. பிறகு தண்ணீர். முக்கால் குடம் உள்ளே போனது. திருகை இறுக்கிவிட்டு, "இப்ப ஓட்டுங்க சார்" என்றார்.

முள் பாதியில் வந்து நின்றது. அதற்கு மேல் அசையவே இல்லை. வெள்ளிமலைச் சந்தையில் போய் நிறுத்தியபோது கூட்டம் கூடிவிட்டது. இறங்கும்போது இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வளைவிலும் வேண்டுமென்றே அழுத்திப் பார்த்தார். பிரேக் பிடித்தது. அடிவாரத்தில் படிவத்தை வண்டியின் மூக்கு மேலேயே வைத்து, பா. இருசப்பன் என்று எழுதிக் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த வாரமே எலவனாசூர்கோட்டை வரைக்கும் ஒரு பேச்சு போயிருந்தது. வேலை வீரமுத்து பட்டறையில்தான் நடந்ததாம், இருசப்பன் சும்மா கூட இருந்தானாம்.

டாக்டரிடம் சாவியை வாங்கிக்கொண்டு இருசப்பன் நேராக வீரமுத்துவின் பட்டறை வாசலில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். எட்டு மெக்கானிக்குகள், நாலு லாரி டிரைவர்கள். பின்மூடியை முழுக்கத் திறந்துவைத்தார். குழாயும் ஒயரும் குடல் மாதிரி பின்னிக் கிடந்தன.

"உங்க பட்டறையில செஞ்சதுன்னு கேள்விப்பட்டேன்" என்றார். "ரொம்ப சந்தோஷம். இதுல பன்னெண்டுக்கும் கரண்ட் பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர் எங்க கீதுன்னு யாரனா தொட்டுக் காட்டுங்க. போதும், போயிடறேன்."

தலைமை மெக்கானிக் குனிந்து பார்த்தார். இடப்பக்கம் தேடினார், வலப்பக்கம் தேடினார். வீரமுத்துவும் வந்து குனிந்து பார்த்தார். லாரி டிரைவர்களில் ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

இருசப்பன் அவசரப்படவில்லை. ஒரு பீடி முழுசாகப் பிடித்து முடித்தார். பிறகு இரண்டு வரிசை சிலிண்டருக்கும் நடுவே ஆழத்தில் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலே அதைத் தட்டிக் காட்டினார். மூடியைச் சாத்திவிட்டு, பன்னிரண்டும் ஒன்றாக உறும, சங்கராபுரம் ரோட்டைப் பார்த்துக் காரைத் திருப்பினார்.