மெஸ்ஸில் எனக்காக நடந்துவந்த துவா

மெஸ்ஸிலிருந்து வந்த வேகத்தில் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதியம் வழக்கம்போல நாயுடுபுரத்தில் நூர்ஜஹான் அக்கா மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எடை குறைப்பு ஆபரேஷன் செய்து பல வருடங்கள் ஆகியும் என் சாப்பாட்டு முறை மாறவில்லை. முதலில் மீன், பிறகு காய், கடைசியில் இரண்டு வாய் சோறு. நடுவில் தண்ணீர் கிடையாது.

அக்கா திடீரென்று எதிரில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், மறைக்காம சொல்லுங்க. டாக்டர் எவ்வளவு நாள் கெடு குடுத்திருக்காரு?"

"யாருக்குக்கா?"

"உங்களுக்குத்தான். வந்த நாள்லருந்து குருவி மாதிரி கொறிக்கிறீங்க. புத்துநோயின்னு பஜாரே பேசுது. தொழுகுறப்பெல்லாம் உங்களுக்காக துவா கேக்குறேங்க."

கடைக்காரர்கள் என்னிடம் ஏன் அவ்வளவு கனிவாகப் பேசுகிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

விஷயத்தைச் சொன்னேன். ஆபரேஷனில் வயிற்றைச் சிறிதாக்கியிருக்கிறார்கள், பழக்கத்தை விட்டால் எடை திரும்ப ஏறிவிடும், அவ்வளவுதான்.

"நல்லாருந்த வயித்தையா வெட்டுனாங்க? யா அல்லா!" அதற்குப் புற்றுநோயே பரவாயில்லை என்பதுபோல் பார்த்தார்.

பிறகு பெருமூச்சு விட்டு, "அப்ப துவாவ நிறுத்திரவா?" என்றார்.

"வேண்டாம்க்கா. நான் பேக்கரி வாசலைத் தாண்டுற நேரத்துல கேளுங்க."

பஜாரில் இன்னும் யாரெல்லாம் எனக்காக வருத்தப்படுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நேரில் போய் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வருகிறேன்.