உப்புப் பாத்தியை மிதித்தேன்

நான் ஐந்தாவது படித்த வருடம், அப்பா செய்துகொண்டிருந்த கட்டட வேலை நின்றுபோனது. தை பிறந்ததும் வேதாரண்யத்துக்குப் போய், மழை வரும்வரை உப்பளத்தில் வேலை செய்வது என்று அம்மாவும் அப்பாவும் முடிவு செய்தார்கள். என்னைக் கேட்கவில்லை. பீர்க்கன்கரணையை விட்டு நான் எதற்கு வர வேண்டும்? எங்கள் தெரு கிரிக்கெட் டீமில் நான்தான் ஓப்பனிங். தாம்பரத்தில் பஸ் ஏறும்போது நிழற்குடைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்பா விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்.

"அங்க கடல் கீதுடா, ஜாலியா இருக்கலாம்" என்றார்.

கடல் கண்ணுக்கே தெரியவில்லை. மரம் இல்லை, கடை இல்லை, பார்த்த பக்கமெல்லாம் சேறு. பள்ளிக்கூடம் வெகு தூரம். என்னைச் சேர்ப்பது தள்ளிக்கொண்டே போனது. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு திட்டம் போட்டேன். மூன்று நாளாக எல்லோரும் சேற்றை வழித்து, பலகையால் இழுத்து, ஒரு பாத்தியைக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தார்கள். அதைக் கெடுத்தால் உப்பள மேஸ்திரி எங்களை ஊருக்கு விரட்டிவிடுவார் அல்லவா?

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து இறங்கினேன்.

"வூட்டுக்குப் போணும்! வூட்டுக்குப் போணும்!"

சொல்லுக்கு ஒரு மிதி. மூலைக்கு மூலை மிதித்தேன். குதிகால் எரிந்தது, நிறுத்தவில்லை.

மேஸ்திரி எழுந்து வந்தார். அடிப்பார் என்று பார்த்தால், இடுப்பில் கை வைத்துச் சிரிக்கிறார்.

"நல்லா மிதிக்கிறானே! அந்த ஓரத்தையும் மிதி தம்பி!"

உப்பு விளைய விடுவதற்கு முன்னால் பாத்தியைக் காலால் மிதித்துத்தான் இறுக்குவார்கள். சாப்பிட்டு எழுந்ததும் அவர்கள் செய்ய இருந்த வேலையே அதுதான்! எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"நாளையிலேருந்து இவனையும் இறக்கி விடும்மா. அரைக்கூலி போட்டுடறேன்" என்றார் மேஸ்திரி.

அம்மா எழுந்து நின்றார். "இன்னிக்கு மிதிச்சதோட சரிங்க. எம்புள்ள இஸ்கூலுக்குப் போறவன்."

"இங்க எந்த ஸ்கூலுக்கும்மா போறான்?"

அம்மா குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரை ஊற்றி என் காலைக் கழுவிவிட்டார்.

மறுநாள் காலை என்னை ஊருக்குப் பஸ் ஏற்றினார்கள். செம்பாக்கத்தில் அத்தை வீட்டில் தங்கிப் பழைய பள்ளிக்கே போக வேண்டுமாம். அப்பா கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவாராம்.

"நீயும் வாம்மா" என்றேன்.

"சீசன் முடியட்டும்டா."

பாத்தியை மிதித்ததற்குத் தண்டனை என்றே நினைத்தேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மா கை காட்டியபோது வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தேன். பஸ் வளைவில் திரும்பும்வரை அம்மா அதே இடத்தில் கையை இறக்காமல் வெயிலில் நின்றிருந்தார். தண்டனை கொடுக்கிறவர்கள் அப்படி நிற்கமாட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.